மாணவர்களைப் பவளப்பாறையில் இறக்குவதற்கு முன்: கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், விலங்கியல், கடல் உயிரியல் துறைகளின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் 24 ஆண்டுகளாக விலங்கியல் கற்பித்து வருபவன் நான். கடந்த சில ஆண்டுகளில் நம் துறைகளின் கல்விச் சுற்றுலா அந்தமானை நோக்கித் திரும்பியிருப்பதையும், அந்தப் பயணத் திட்டத்தில் ஸ்கூபா டைவிங் தவறாமல் இடம்பெறுவதையும் நீங்கள் அறிவீர்கள். நானும் மூன்று முறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் பயணத்தில் நடந்த பிழைகளுக்கு நானும் பொறுப்பானவன்; அவற்றை மறைக்காமல் சொல்லி, உங்களிடம் ஒரு கோரிக்கையை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். நீந்தத் தெரியாத, நீருக்குள் உடலை ஒரு நிலையில் நிறுத்தப் பழகாத மாணவரை உயிருள்ள பவளப்பாறையின் மீது இறக்காதீர்கள். அந்தப் பயிற்சியை ஊரிலேயே, ஒரு நீச்சல் குளத்தில் கொடுத்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.

எங்கள் தலைமுறைக்குக் கல்விச் சுற்றுலா என்றால் ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊர்தான். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தபடியே பயணம் செய்து, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தைப் பார்த்து, அனுமதி கிடைத்தால் குருசடைத் தீவுக்குப் படகேறி, பாடப்புத்தகத்தில் படம் வரைந்து பழகிய பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற கடலுயிரியை ஈர மணலில் தேடியிருக்கிறோம். திரும்பி வரும்போது ஃபார்மலின் புட்டிகளில் கடல் அட்டைகளும் நட்சத்திர மீன்களும் இருக்கும். துணிப்பைகளில் பவளத் துண்டுகள் இருக்கும். நம் துறை அருங்காட்சியகங்களின் கண்ணாடி அலமாரிகளில் இன்றும் வெளுத்துக் கிடக்கும் மான்கொம்புப் பவளங்களில் பல அப்படி வந்தவைதாம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகு, ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றமாகிவிட்டது. அதற்கு முன்போ, சேகரிப்பது கல்வியின் பகுதி என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். இன்று மாணவரைக் கடலுக்குள் இறக்கிவிடுவதே கல்வி என்று அதே உறுதியோடு நம்புகிறோம் என்பதால்தான் அதை நினைவுபடுத்துகிறேன்.

எங்கள் முதல் அந்தமான் பயணம் ஒரு மே மாதத்தில் நடந்தது. பருவத் தேர்வுகள் முடிந்த விடுமுறை என்பதைத் தவிர அந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை. மாணவர்கள் 34 பேர், ஆசிரியர்கள் 3 பேர். ஹேவ்லாக் என்று முன்பு அழைக்கப்பட்ட சுவராஜ் தீவில், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பாறைத்திட்டு ஒன்றில், பயண ஏற்பாட்டாளர் எங்கள் மாணவர்களுக்கு அறிமுக முக்குளிப்பை ஏற்பாடு செய்திருந்தார். நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். கரையில் பத்து நிமிட விளக்கம், இடுப்பளவு நீரில் பத்து நிமிடப் பழக்கம்; அதன்பின் சிலிண்டரையும் மிதவைச் சட்டையையும் மாட்டி, பயிற்றுநர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மாணவர் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார். இப்படி ஒருவர் பின் ஒருவராக, ஒரே பாறைத்திட்டின் மீது, காலை முதல் பிற்பகல் வரை கட்டணம் கட்டிய அத்தனை பேரும் இறங்கினார்கள்.

நான் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாணவி ஒருவரைப் புகைப்படம் எடுப்பதற்காக ஒரு மான்கொம்புப் பவளத் திட்டின் பக்கமாக நிறுத்தினார்கள். உடலை நிறுத்தத் தெரியாததால் அவருடைய கால்கள் கீழே தாழ்ந்தன. தாழ்வதை உணர்ந்ததும் பயந்து வேகமாக உதைத்தார். காலில் இருந்த நீண்ட ரப்பர் துடுப்பு பவளத்தின் மேல் இரண்டு முறை பட்டது. உள்ளங்கை நீளமுள்ள கிளைகள் மூன்று நான்கு முறிந்து மணலில் விழுந்ததையும், அவற்றினூடே ஒளிந்திருந்த சிறிய நீல மீன்கள் கலைந்து ஓடியதையும், கலங்கிய மணல் மெல்ல மற்றப் பவளங்களின் மீது படிந்ததையும் பார்த்தேன். மாணவி மேலே வந்தபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது. கீழே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அன்று நான் சொல்லவும் இல்லை. பிழை அவருடையதன்று. அவருக்கு முன்னும் பின்னும் இறங்கியவர்களும் அதையேதான் செய்தார்கள்.

கிளைவிடும் பவளங்கள் ஓரளவு விரைவாக வளர்பவை. நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரைகூட நீளும். முறிந்த துண்டு கெட்டியான இடத்தில் சிக்கினால் புதிதாக வேர்கொள்வதும் உண்டு. ஆனால் மணலில் விழுந்த துண்டு அலையில் உருண்டு தேய்ந்து சாகும். முறிந்த இடத்தில் பாசி பிடிக்கும், நோய் நுழையும். உருண்டைப் பாறையாக வளரும் பவளங்களின் கதையோ வேறு. அவை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஓர் ஆள் உயரமுள்ள அத்தகைய பவளம் நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றைவிட மூத்தது. அதன் மேல் ஏறி நின்று முகக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளும் மாணவர் நசுக்குவது, சில மில்லிமீட்டர் தடிப்பில் மட்டுமே அந்தப் பாறையைப் போர்த்தியிருக்கும் உயிர்த் தசையை.

இது தனிப்பட்ட ஒருவரின் மனக்குறை மட்டுமன்று. கரீபியக் கடலின் செயிண்ட் லூசியா தீவில் முக்குளிப்பவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் மூவர் ஒரு முறையேனும் பாறையைத் தொட்டிருந்தார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் கூடுதலாகத் தொட்டார்கள். கரையில் ஒரு வரியில் சொல்லப்பட்ட எச்சரிக்கையால் பயன் விளையவில்லை. நீருக்குள் உடன் வந்த வழிகாட்டி அவ்வப்போது குறுக்கிட்டுத் திருத்தியபோதுதான் தொடுதல் குறைந்தது. எகிப்தின் ராஸ் முகம்மது தேசியப் பூங்காவில் செய்யப்பட்டு 1997இல் வெளியான மற்றோர் ஆய்வு, படங்களுடன் விரிவாக விளக்கி, பின்னர் நீருக்குள்ளும் செய்து காட்டியபோது தொடுதல் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. 'எதையும் தொடாதீர்கள்' என்று பேருந்தில் ஒலிவாங்கியில் அறிவிப்பதை நாம் பயிற்சி என்று கருதக்கூடாது என்பதற்கு இவை போதுமான சான்றுகள்.

நீருக்குள் உடலை நிறுத்துவது மூச்சினால் செய்யப்படும் கலை. மூச்சை இழுத்தால் உடல் மெல்ல உயர்கிறது; விட்டால் தாழ்கிறது. மூச்சுக்கும் உடலின் அசைவுக்கும் இடையே சில நொடித் தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதத்தை உடல் உணர்ந்துகொள்ளும் வரை புதியவர் கையாலும் காலாலும் போராடுவார். இடுப்பில் கட்டும் ஈய எடை சற்றுக் கூடினாலும் நிலை கெடும். இதை ஒரு காலைப் பொழுதில் யாரும் கற்றுவிட முடியாது. உலகெங்கும் வழங்கப்படும் அடிப்படைச் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும், குளம் போன்ற அமைதியான நீரில் 5 பயிற்சி அமர்வுகளை முடித்த பிறகே திறந்த கடலில் 4 முறை மூழ்க வேண்டும். அதன் பின்னும் 18 மீட்டர்தான் எல்லை. இந்த ஒழுங்கு மூழ்குபவரின் உயிருக்காக ஏற்பட்டது. பவளத்துக்கும் அதுவே காப்பு.

உயிரைப் பற்றிப் பேசும்போது மருத்துவப் படிவத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்வது அதுதான். மூழ்குவதற்கு முன் ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது, சைனஸ் தொல்லைகள் உண்டா என்று கேட்கும் படிவம் ஒன்றைத் தருவார்கள். மூழ்கிய எங்கள் மாணவர்கள் அனைவரும் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அன்றிரவு விடுதியில் ஒரு மாணவருடைய பையின் மேல் இன்ஹேலர் இருந்ததைப் பார்த்தேன். கேட்டபோது, "சின்ன வயசுலேர்ந்து வீசிங் இருக்கு சார், சொன்னா இறக்க மாட்டாங்கன்னு சொல்லல" என்றார். நீருக்கடியில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; 10 மீட்டர் ஆழத்தில் நிரப்பிய நுரையீரல் காற்று மேற்பரப்பை அடையும்போது இரு மடங்காக விரியும். அதனால்தான் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறக் கூடாது என்பது ஸ்கூபாவின் முதல் விதி. ஆஸ்துமாவால் நுரையீரலின் சுவாசப் பாதை சுருங்கிய நிலையில் அந்தக் காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே அகப்பட்டால், இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து எழும்போதுகூட நுரையீரல் கிழியக்கூடும். அந்த மாணவருக்கு ஒன்றும் நேரவில்லை. அதில் என் திறமை எதுவும் இல்லை.

வகுப்புத் தோழர்கள் சூழ நிற்க, முன்பணம் கட்டிவிட்ட நிலையில், கடற்கரையில் வைத்துத் தரப்படும் படிவத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை உண்மையை எழுத மாட்டார். படிவத்தைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, பெற்றோர் உடனிருக்க, மருத்துவர் முன்னிலையில் நிரப்ப வேண்டும். மூழ்காதவருக்கும் மூழ்குபவருக்கும் பயண மதிப்பெண் ஒன்றே என்பதையும் அன்றே அறிவித்துவிட வேண்டும். மூழ்குவதற்கான கட்டணம் பல ஆயிரம் ரூபாய் என்பதால், உடல்நலம் இருந்தும் பணம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் அன்று எங்கள் குழுவில் இருந்தார்கள். அவர்களைத் துணிமணிகளுக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் கடலுக்குள் போனோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

விமான நேரமும் அப்படியே. மூழ்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற அவகாசம் தராமல் விமானத்தில் ஏறினால், குறைந்த அழுத்தத்தில் அது குமிழிகளாகத் திரளக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், அடுத்தடுத்த நாட்களில் மூழ்கியவர் 18 மணி நேரமும் பொறுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். எங்கள் குழுவில் இரண்டு நாளும் மூழ்கியவர்கள் சிலர், கடைசியாக நீரிலிருந்து வெளியே வந்தது பிற்பகல் இரண்டரை மணிக்கு. சென்னை விமானம் மறுநாள் காலை ஏழரை மணிக்கு. பதினேழு மணி நேரம்தான் இடைவெளி என்பதை விமானத்தில் அமர்ந்த பிறகுதான் விரல்விட்டு எண்ணினேன். பயணத்தின் சிகரமாக இருக்கட்டும் என்று மூழ்குதலைக் கடைசி நாளில் வைப்பது பல கல்லூரிகளின் வழக்கம். அதை முதல் நாட்களுக்கு மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

மாதத்தையும் மாற்ற வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில்தான் அந்தமான் கடல் மிகவும் சூடாக இருக்கிறது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பநிலையைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தனக்கு உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் பாறைகள் இப்படி வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு அறிவிக்கப்பட்டு, உலகப் பவளப்பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அந்த வெப்பத் தாக்கத்துக்கு உள்ளானது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. வெப்பம் தணிந்தால் பாசிகள் திரும்பும், நிறமும் திரும்பும். பட்டினியோடு அது போராடுகின்ற அந்த வாரங்களில்தான் நாம் பேருந்து பேருந்தாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அதன் மேல் மணலை வாரி இறைக்கிறோம். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் நீர் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு நான்கு வேலை நாட்களைச் சேர்த்துத் தருவது முதல்வர்களின் கையில் இருக்கிறது.

இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் நாங்கள் வேறு விதமாகச் சென்றோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் மாவட்ட விளையாட்டு அரங்குகள் பலவற்றில் உள்ளன. எங்கள் மாவட்டக் குளத்தில் ஆறு வாரம், வாரம் மூன்று நாள் காலை வகுப்பு வைத்தோம். மாணவிகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் கேட்டுப் பெற்றோம். பெற்றோரில் தயங்கியவர்களுடன் நேரில் பேசினோம். 26 பேரில் 22 பேர் நீந்தக் கற்றார்கள். ஆறு வாரத்துக்கு முன் நீரில் முகம் புதைக்கவே அஞ்சிய பிள்ளை குளத்தின் நீளத்தை நிற்காமல் கடப்பதைப் பார்ப்பதற்காகவே, அந்தமான் போகாவிட்டாலும் இதைச் செய்யலாம் என்று தோன்றியது. கடல் நிறைந்த ஒரு மாநிலத்தில் விலங்கியல் பட்டம் பெறும் பெண்ணுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்களில் ஒன்பது பேர் சான்றிதழ்ப் பயிற்சியை முழுமையாக முடித்து மூழ்கினார்கள். மற்றவர்கள் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் மிதவைச் சட்டையும் அணிந்து மேற்பரப்பிலிருந்து பார்த்தார்கள். நீந்தாதவர்கள் வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகில் சென்று கண்ணாடித் தளப் படகு வழியாகப் பார்த்தார்கள். மூன்று குழுவினருக்கும் வேலை இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய பவள நல வண்ண அட்டையை மூழ்கியவர்களும் மிதந்தவர்களும் கையில் வைத்திருந்தார்கள். ஆறு படிநிலை கொண்ட அந்த வண்ணங்களோடு ஒவ்வொரு பவளத்தின் மிக வெளிறிய பகுதியையும் மிக அடர்ந்த பகுதியையும் ஒப்பிட்டு, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்தார்கள். ஒரு கையில் அட்டையும் மறு கையில் பலகையும் இருப்பவர் எதையும் பிடித்துத் தொங்குவதில்லை. செல்ஃபி எடுக்க நேரமும் இருப்பதில்லை. அந்தப் பயணத்தில் ஒரு கிளைகூட முறியவில்லை என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை முறியவில்லை.

அந்தக் குழுவில் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த, சங்கு குளிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார். வகுப்பில் அதிகம் பேசாதவர். அன்று மாலை குறிப்பேடுகளை ஒப்பிட்டபோது, நாங்கள் லத்தீன் பெயர் தேடித் திணறிய இடங்களில் எல்லாம் அவர் கலவா, கிளிமீன், அஞ்சாலை என்று தம் வீட்டுப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். எந்த மீன் எந்தப் பொந்தில் எந்த நேரத்தில் இருக்கும் என்பதையும் எழுதியிருந்தார். நீருக்குள் அவருடைய உடல் அசையாமல் நின்றதைப் பயிற்றுநரே வியந்து சொன்னார். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். "கல்லு மேல கால் வைக்காதன்னு அத்தா அடிப்பாங்க சார், வச்சா கிழிச்சிரும்" என்றார். கொற்கை முத்தின் காலத்திலிருந்து மூழ்கி வாழ்ந்த மக்கள் இருக்கும் கரையில், பாறையைப் 'பார்' என்று பெயரிட்டு ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் வைத்திருந்த கரையில், முக்குளிப்பை வெளிநாட்டுக் கேளிக்கையாக மட்டும் நம் மாணவர்கள் அறிந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பயணத்துக்கு முந்தைய வகுப்பு ஒன்றில் சங்கு குளிப்பவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அவருக்கு உரிய மதிப்பூதியமும் கொடுங்கள்.

அந்தமானுக்கு முன் மன்னார் வளைகுடாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்து, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் பாறைகளில் 117 பவள இனங்கள் பதிவாகியுள்ளன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் அவை வெட்டப்பட்டதையும், அவை சூழ்ந்திருந்த தீவுகளில் இரண்டு நீருக்குள் மறைந்துவிட்டதையும் கரையில் நின்று அறிந்துகொண்ட மாணவர், சுவராஜ் தீவில் வேறு கண்ணோடு இறங்குவார். தீவுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்; கரையில் நின்று கேட்பதற்கும் கற்பதற்கும் வேண்டியதில்லை.

சூரியக் களிம்பைப் பற்றி ஒரு வரி: பவளத்துக்குக் கேடு எனக் கருதப்படும் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்தவற்றைத் தவிர்த்து, முழுக்கை நீச்சல் உடை அணியச் செய்தால் போதும். சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் வைக்க விடாதீர்கள்.

பயண நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டு எழுதும்போது, அறிமுக முக்குளிப்பு வேண்டாம் என்பதையும், மூழ்குதல் கடைசி இரு நாட்களில் இருக்கக் கூடாது என்பதையும், ஒரே பாறைத்திட்டில் ஒரே நாளில் எத்தனை மாணவர்கள் இறக்கப்படுவார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். விலை சற்றுக் கூடும். 34 பேருக்குப் பதிலாக 20 பேரை அழைத்துச் செல்ல நேரலாம். அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். நாம் கேட்டால் ஏற்பாட்டாளர்கள் மாறுவார்கள். ஆண்டுதோறும் இத்தனை கல்லூரிகளை இழக்க அவர்களால் இயலாது.

அடுத்த கல்வியாண்டின் நாள்காட்டி ஜூன் மாதத்தில் அச்சுக்குப் போய்விடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். எங்கள் துறையின் மருத்துவப் படிவம், பெற்றோருக்கான தமிழ் விளக்கத்தாள், களக்குறிப்புத் தாள் ஆகியவற்றைக் கேட்கும் எந்தக் கல்லூரிக்கும் தரத் தயாராக இருக்கிறோம். ஜூலை முதல் வாரத்தில் எங்கள் நீச்சல் வகுப்பு தொடங்குகிறது. அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்களும் காலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்